ஆட்காட்டி சேர்த்த அடைமொழிகள்

அந்தக் காலத்தில் விலங்குகளும் பறவைகளும் நம்மைப் போலவே பேசிக்கொண்டிருந்தன. நம்மைப் போலவே தேவையில்லாததையும் பேசின. அப்போது ஒரு கோடை வந்தது. இரண்டு வருடம் மழை பொய்த்த பிறகு வந்த கோடை. ஆறு வெறும் மணலாகக் கிடந்தது. காடு முழுவதற்கும் மிஞ்சியது மருத மரங்களுக்கு நடுவே இருந்த ஒரே ஒரு மடுதான்.

ஒரே மடு என்றால் என்ன நடக்கும்? எல்லா உயிர்களும் ஒரே நேரத்தில் இறங்கின. யானைகள் குடித்துவிட்டு ஏறினால் மற்றவற்றுக்குச் சேறுதான் மிச்சம். நான்காம் நாள் நெரிசலில் மிதிபட்டு இரண்டு மான்குட்டிகள் செத்தன. அதற்குப் பிறகுதான் எல்லாவற்றுக்கும் புத்தி வந்தது, கூட்டம் போட்டன.

"வரிசை வேணும். வரிசையைப் பாத்துக்க ஒரு ஆளும் வேணும்" என்றது காட்டெருமை.

எப்போதும் தண்ணீரிலேயே கிடக்கிற முதலைக்கு அந்த வேலையைக் கொடுத்தன. சும்மா கொடுக்கவில்லை, பயந்து பயந்துதான் கொடுத்தன. மாட்டுக்கு மூக்கணாங்கயிறு போடுவதைப் போல அந்த அதிகாரத்துக்கு முன்னால் மூன்று அடைமொழிகளைக் கட்டின. மழை வரை, கரை வரை, சின்ன அதிகாரம். மழை வந்தால் வேலை முடிந்தது. முதலை கரையேறக் கூடாது. வரிசை பார்ப்பதைத் தவிர வேறு எதிலும் தலையிடக் கூடாது.

இது யாருக்கும் மறந்துவிடக் கூடாது என்று ஒரு வழக்கமும் வைத்தன. தினமும் விடிந்ததும் துறைக் கல்லில் நின்று ஒருவர் இதை உரக்கக் கூற வேண்டும். கேட்டவை ஆளுக்கு ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்க வேண்டும். குடித்தால் ஒப்புக்கொண்டதாக அர்த்தம். மறுபடி வேறு விதமாகக் கூறி மறுபடி குடிக்கும்வரை அதுதான் சட்டம். தாகத்தில் நாக்கு வறண்டு நிற்பவர்கள் எதைக் கேட்டாலும் குடிக்கத்தான் செய்வார்கள் என்று அந்தக் கூட்டத்தில் ஒன்றுக்குமே தோன்றவில்லை.

கூறும் வேலை ஆட்காட்டிக் குருவிக்குக் கிடைத்தது. அப்போது அதற்கு அருமையான குரல். சொல் ஒவ்வொன்றும் மணி மணியாக விழும். அந்தக் குரல்மேல் அதற்கே கொஞ்சம் மயக்கம் உண்டு.

ஆட்காட்டிக்கும் அதன் பெட்டைக்கும் மடுக்கரைச் சரளையில் நான்கு முட்டைகள் இருந்தன. போன தடவை இட்ட நான்கும் வெயிலில் வெந்து போயிருந்தன. மத்தியானமானால் சரளை அடுப்பில் வைத்த சட்டி மாதிரி கொதித்தது. தண்ணீரில் வயிற்று இறகை நனைத்து வந்து முட்டைமேல் படிந்தால்தான் உள்ளே இருப்பது பிழைக்கும். ஆனால் வரிசைப்படி சிறு பறவைகளுக்குக் காலையில் ஒரு முறைதான் தண்ணீர்.

ஆட்காட்டி முதலையிடம் போய்க் கெஞ்சியது. "அண்ணே, மத்தியானம் ஒரே ஒரு தடவை வயித்தை நனைச்சுக்கிறேன். புள்ளைங்க வெந்துரும்ணே."

முதலை வருத்தத்தோடுதான் பதில் சொன்னது. "எனக்கு எங்கப்பா அந்த அதிகாரம்? என்கிட்ட இருக்கிறது சின்ன அதிகாரம். நீதானே தினமும் கல்லுமேல நின்னு சொல்றே? அந்த ‘சின்ன’ங்கிற வார்த்தை மட்டும் இல்லேன்னா உன்னை விடாம இருப்பேனா?"

வார்த்தைதானே என்று நினைத்துக்கொண்டது ஆட்காட்டி. ஒரு வார்த்தைக்கு என்ன எடை இருந்துவிடப் போகிறது? முட்டைக்கு இருக்கிறது எடை.

மறுநாள் காலை அது துறைக் கல்லில் நின்று, "மழை வரை, கரை வரை, முழு அதிகாரம்!" என்று கூவியது.

காட்டெருமை தலையைத் தூக்கியது. "என்னப்பா, புதுசா இருக்கு?"

"எல்லாம் ஓசைக்காகத்தாண்ணே. குடிங்க, வெயில் ஏறுது."

வெயில் ஏறிக்கொண்டுதான் இருந்தது. எல்லாம் குடித்தன. அன்று மத்தியானம் ஆட்காட்டி வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டைகளின்மேல் படிந்தபோது பெட்டைக்கு அழுகையே வந்துவிட்டது. அன்று சாயங்காலம் முதலை நரிகளுக்குத் தண்ணீர் இல்லை என்றது. ஏன் என்று ஒரு நரி கேட்டது. "முழு அதிகாரத்துக்குக் காரணம் சொல்ற பழக்கம் இல்ல" என்று முதலை கண்ணை மூடிக்கொண்டது.

நரிகள்தானே என்று மற்றவை பேசாமல் இருந்தன.

அதற்குப் பிறகு ஆட்காட்டிக்கு வாயில் சொல் ஊறியது. மகத்தான அதிகாரம் என்றது. அசைக்க முடியாத அதிகாரம் என்றது. ஒவ்வொரு அடைமொழிக்கும் வயிற்றை நனைக்க இன்னொரு முறை கிடைத்தது. மயில்கள் அதன் நாவன்மையைப் புகழ்ந்தன. பன்றிகளுக்கும் முயல்களுக்கும் தண்ணீர் நின்றது, அவை மேற்கே நடக்கத் தொடங்கி வழியிலேயே விழுந்தன. கழுகுகள் மேற்கில் வட்டமிடுவதை ஆட்காட்டியும் பார்த்தது. பார்த்துவிட்டு முட்டைகளைப் போய்ப் பார்த்தது.

ஒருநாள் மேகம் திரண்டது. அன்று காலை "மழை வரை" போய் "நிலையான" வந்தது. பிற்பகலில் மண் நனையும் அளவுக்கு ஒரு மழையும் பெய்தது. மான்கள் துள்ளிக்கொண்டு வந்து, "மழை வந்தாச்சு, இறங்குங்க" என்றன.

"காலையில என்னத்தைக் கேட்டுட்டுக் குடிச்சீங்க?" என்றது முதலை. மான்கள் திரும்பிப் போயின. அந்த மழையில் ஆறு ஓடவில்லை, மறுநாளே வெயில் பழையபடி காய்ந்தது.

முட்டையிட்ட இருபத்தேழாம் நாள் உள்ளேயிருந்து சத்தம் கேட்டது. நான்கிலும் கேட்டது. பெட்டை தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்டுவிட்டுச் சொன்னது, "நாளைக்குப் பொரிஞ்சிரும்ங்க. ஒரு நாள்தான். இனிமே எந்த வார்த்தையும் சேக்காதீங்க."

"கடைசியா ஒண்ணு கேக்குறாரு. கரை வரைன்னு சொல்றது அவருக்குக் கௌரவமா இல்லையாம். எல்லையற்றன்னு சொல்லணுமாம். சொல்லலேன்னா நாளைக்கு நமக்குத் தண்ணி இல்லேங்கிறாரு."

"கரையிலதானே நாம இருக்கோம்?"

"அட, அவருக்கு நம்ம மேல பிரியம் புள்ள. நம்மளை என்ன பண்ணப் போறாரு?"

பெட்டை இறகுக்குள் முட்டைகளை இழுத்துச் சேர்த்துக்கொண்டது.

மறுநாள் காலை துறையில் பாதிக் கூட்டம்தான் இருந்தது. மற்றவை செத்துப் போயிருந்தன, அல்லது போய்விட்டிருந்தன. ஆட்காட்டி கல்லில் ஏறி, இத்தனை நாளில் இல்லாத இனிமையோடு கூவியது. "நிலையான, எல்லையற்ற, முழு அதிகாரம்!"

யாரும் அசையவில்லை. காட்டெருமை தண்ணீருக்கு மேலே முகத்தை வைத்தபடி நெடுநேரம் நின்றது. அதன் கன்றுக்குப் பொறுக்கவில்லை, வாயை வைத்து உறிஞ்சிவிட்டது. கன்றைப் பார்த்துவிட்டுக் காட்டெருமையும் குடித்தது. பிறகு எல்லாம் குடித்தன.

முதலை எழுந்தது. ஒரு காலைக் கரையில் வைத்தது. அவ்வளவுதான், துறை காலியாகிவிட்டது. கத்திக்கொண்டு, விழுந்து எழுந்து, திசைக்கு ஒன்றாக ஓடின.

முதலை ஒன்றையும் துரத்தவில்லை. அதற்கு வெயில் காயத் தோன்றியது. வயிற்றைத் தேய்த்துக்கொண்டு மெல்ல மேலே ஏறியது. சரளையில் பெட்டை இறகை விரித்து நின்று கதறியது. முகத்துக்கு நேராகப் பறந்து பறந்து வந்தது. முதலை அதைக் கவனிக்கவில்லை. நேராகப் போய், வாலைச் சுழற்றி வசதியாகப் படுத்தது.

நான்கு முட்டைகளும் அந்த வயிற்றுக்குக் கீழே இருந்தன. நான்கிலும் விரிசல் விட்டிருந்தது, ஒன்றில் அலகு நுனிகூட வெளியே வந்திருந்தது.

ஈர வயிற்றோடு பறந்து வந்த ஆட்காட்டியைப் பார்த்து முதலை கேட்டது, "என்னப்பா உன் சம்சாரம் கத்துது? இங்க ஏதாச்சும் இருந்துச்சா?"

அதில் கேலியே இல்லை. உண்மையாகவே அதற்குத் தெரியவில்லை. ஆட்காட்டிக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை. பெட்டை அதன் பக்கம் திரும்பாமல் பறந்து போனது. அதற்குப் பிறகு அதனிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

ஆட்காட்டி துறைக் கல்லுக்கு ஓடியது. "மழை வரை! கரை வரை! சின்ன அதிகாரம்!" என்று தொண்டை கிழியக் கூவியது. மடு அமைதியாகக் கிடந்தது. கேட்கவும் ஆள் இல்லை, ஒரு மடக்குக் குடிக்கவும் ஆள் இல்லை. ஒருவரும் குடிக்காமல் எதுவும் சட்டமாகாது.

சாயங்காலம் ஒரு மான் ஒளிந்து ஒளிந்து தண்ணீருக்கு வந்தது. அதன் வாய் தண்ணீரைத் தொடப் போகும் நேரம். ஆட்காட்டி பாய்ந்து வந்து அதன் தலைக்கு மேலே கத்தியது. "கேளு! சின்ன அதிகாரம்! கேட்டுட்டுக் குடி!"

மானுக்கு அந்தக் குரல் கேட்டால் முதலை வருகிறது என்றுதான் அர்த்தம். குடிக்காமலே ஓடிவிட்டது. மறுநாள் காட்டெருமையும் கன்றும் வந்தன, அவையும் ஓடின. ஒரு மடக்கு, யாராவது ஒருவர் ஒரே ஒரு மடக்கு குடித்திருந்தால் போதும். யார் தலை தெரிந்தாலும் அவர்கள் ஓடுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று அது வேகமாகக் கத்தியது, இன்னும் வேகமாகக் கத்தியது. கத்திக் கத்திக் குரல் போனது. பிறகு சொற்களும் போயின, வெறும் கிறீச்சிடல்தான் மிஞ்சியது. சரி, இனி மெதுவாகச் சொல்லலாம் என்று நினைத்த நாளில் அதற்குச் சொல்லே மறந்துவிட்டிருந்தது.

அன்று முதல்தான் முதலை தண்ணீரைவிட்டுக் கரையேறி வெயில் காய்கிறது. ஆட்காட்டியும் அன்று முதல்தான், இரவென்றும் பகலென்றும் இல்லாமல், தண்ணீர் பக்கம் எந்த உயிர் வந்தாலும் குடித்துவிட்டுப் போகச் சொல்லிக் கத்துகிறது. அதைக் கேட்ட உயிர்களெல்லாம் குடிக்காமலே ஓடுகின்றன.