காமிராவுக்குத் தெரியக் கூடாத அறை

விருதுநகருக்குப் பக்கத்தில் வெள்ளையூரணி என்று ஓர் ஊர். அங்கே பருப்பு பொறுக்கும் மெஷின் செய்கிற கம்பெனி ஒன்று இருந்தது. அதில் கம்ப்யூட்டர் வேலைக்கு மூன்று பேர். மூத்தவன் வைரவநாதன். அடுத்தவன் மெய்யப்பன், பொய் சொல்ல மாட்டான். கடைசி ஆள் அருஞ்சுனை, எதையும் யோசித்துப் பார்க்காமல் விட மாட்டான். மூவருக்கும் அறிவில் ஏற்றத்தாழ்வு கிடையாது என்பதால் சண்டையே வந்ததில்லை.

மெஷினுக்குள்ளே ஒரு காமிரா, பருப்பைப் பார்க்கும். ஓர் ஊதுகுழாய், சொத்தையை ஊதித் தள்ளும். ஒரு தராசு, மிச்சத்தை நிறுக்கும். மூன்றும் குறிப்பு எழுதிக்கொள்ள இருப்பது ஒரே நினைவகம், அதில் இருநூற்று ஐம்பத்தாறு அறை. காமிராவின் குறிப்புக்கு மேலேயே தராசு எழுதிவிட்டால் நல்ல பருப்பு குப்பைக்குப் போகும், சொத்தை சாம்பாருக்குப் போகும். அதனால் யாருக்கு எந்த அறை என்று பிரித்துக் கொடுக்கிற ஏற்பாட்டை ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில் எழுத வேண்டும்.

முதலாளி சௌந்தரவல்லி மேடம், அக்கா மகள் கல்யாணத்துக்காக மதுரைக்குக் கிளம்பும்போது ஒரு தாளில் இரண்டு வரி எழுதிக் கொடுத்தார். ஒன்று, உண்மையான அறை எது என்று எந்தச் சாதனத்துக்கும் தெரியக் கூடாது. இரண்டு, நினைவகம் முழுவதும் தனக்கே சொந்தம் என்று ஒவ்வொரு சாதனமும் நம்ப வேண்டும்.

"வெள்ளிக்கிழமை பருப்பு மண்டி தங்கப்பழம் அண்ணாச்சி மெஷின் பாக்க வர்றார். அன்னைக்கு ஓடலேன்னா, வைரவநாதா, உனக்கு இங்க வேலை கிடையாது" என்றும் சொன்னார்.

வைரவநாதனுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். வட்டாரத்தில் இருந்த மற்ற மூன்று கம்பெனிகளும் அவனை ஏற்கெனவே வேலைக்கு வைத்துப் பார்த்துவிட்டன. இந்தத் தடவை தாளில் உள்ளதை ஓர் எழுத்து பிசகாமல் செய்துவிடுவது என்று உறுதி எடுத்துக்கொண்டான்.

உடனே போர்டில் கட்டம் போட்டு, எந்த அறை யாருக்கு என்று எழுத ஆரம்பித்தான். எட்டாவது கட்டத்தில் அருஞ்சுனை அவன் கையைப் பிடித்தான்.

"அண்ணே, காமிரா பாத்துக்கிட்டு இருக்கு."

திரும்பினார்கள். மெஷினில் இன்னும் மாட்டாமல் மேஜை மேல் வைத்திருந்த காமிரா போர்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"எவ்வளவு நேரமாடா?"

"நாம வந்ததுல இருந்து."

எட்டையும் அழித்துவிட்டு, காமிராவின் மேல் துண்டைப் போர்த்தினார்கள். ஊதுகுழாய்க்குக் கண் இல்லை, ஆனால் வாய் இருக்கிறது, கேட்டதை வெளியே ஊதிவிடும் என்று மெய்யப்பன் பயந்தான். அதன் வாயில் பஞ்சு அடைத்தார்கள். தராசைப் பற்றி ஒரு மணி நேரம் விவாதம் நடந்தது. அது இதுவரை யார் பக்கமும் சாய்ந்ததில்லை என்பதால் விட்டுவிட்டார்கள்.

இரண்டாவது வரி அதைவிடச் சிக்கல். மூன்று சாதனத்திடமும் தனித்தனியே போய், "முழுசும் உனக்குத்தான்" என்று சொல்ல வேண்டும். மெய்யப்பன் மறுத்தான்.

"ஒரே இடத்தை மூணு பேருக்குச் சொந்தம்ங்கறது பொய்யில்லையா?"

"ஊர்ல நடக்காததா?" என்றான் அருஞ்சுனை. "எங்க பெரியப்பா பைபாஸ்ல ஒரே பிளாட்டை மூணு பேருக்கு வித்தாரு. மூணு பேரும் அது தனக்குத்தான்னு இன்னைக்கும் நம்புறாங்க."

"பெரியப்பா எப்படி இருக்காரு?"

"நல்லா இருக்காரு. உள்ளே ஞாயித்துக்கிழமை கறிச்சோறு போடுறாங்களாம்."

மெய்யப்பன் மனம் சமாதானமாயிற்று. மூன்று பத்திரம் எழுதி, மற்ற இரண்டையும் வெளியே தூக்கி வைத்துவிட்டு, ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று வாசித்தார்கள். தராசு மட்டும் அறுபது கிலோ. வெளியே இரண்டு தடவை போய் வந்தது.

பிறகு ப்ரோகிராம் எழுத உட்கார்ந்தார்கள். அருஞ்சுனை மறுபடியும் யோசித்தான்.

"அண்ணே, இந்த ப்ரோகிராம் எங்க போகுது?"

"மெஷினுக்குள்ள."

"அதுல உண்மையான அறை நம்பரை எழுதினா?"

வைரவநாதன், எவ்வளவு பெரிய தப்பு செய்யப் பார்த்தோம் என்று நெஞ்சைத் தடவிக்கொண்டான். ஆகவே ப்ரோகிராமில் நம்பர் எதுவும் எழுதவில்லை. சாதனம் அறை கேட்டால் சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டு ப்ரோகிராம் காத்திருக்கும், அவ்வளவுதான். நம்பர்களுக்கு என்று தனியாக ஒரு நோட்டு வாங்கினார்கள். நோட்டில் எழுதினால் யாராவது காமிராவுக்குப் படித்துக் காட்டிவிடலாம். அதனால் அட்டை போட்டு, ஒன்றும் எழுதாமல், பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். எந்த அறை யாருக்கு என்று இருநூற்று ஐம்பத்தாறையும் மனசுக்குள்ளேயே பிரித்து வைரவநாதன் மனப்பாடம் செய்தான். குளிக்கும்போதுகூட முணுமுணுத்தான், அதுவும் தண்ணீர் மோட்டார் ஓடாத நேரமாகப் பார்த்து.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அண்ணாச்சி ஒரு மூட்டை துவரம்பருப்போடு வந்தார். சுவிட்சைப் போட்டார்கள். துண்டுக்குள் இருந்த காமிரா, எந்த அறையில் எழுதட்டும் என்று கேட்டது. சிவப்பு விளக்கு எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது.

"என்ன கேக்குது?" என்றார் அண்ணாச்சி.

"இடம் கேக்குது, அண்ணாச்சி" என்றான் வைரவநாதன்.

"குடுக்க வேண்டியதுதானே?"

"தாராளமா குடுக்கலாம். எதுன்னுதான் சொல்லக் கூடாது."

அண்ணாச்சி அரைமணி நேரம் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மேடத்துக்குப் போன் போட்டார். "ஆறு மணி வரைக்கும் உக்காந்திருப்பேன். அதுக்குள்ள ஒரு பருப்பாவது விழணும்" என்று சொல்லிவிட்டு, போனை வைரவநாதனிடம் நீட்டினார்.

"அறை நம்பரை எல்லாம் எங்கடா வெச்சிருக்கே?" என்றார் மேடம்.

"மனசுல, மேடம்."

"ஒண்ணொண்ணா சொல்லு. இங்க லேப்டாப்ல இருந்தே நான் ஏத்திடறேன்."

வைரவநாதன் வாயைத் திறந்தான். திறந்தவன் கையில் இருந்ததைப் பார்த்தான். போனும் ஒரு சாதனம்தானே. மூடிக்கொண்டான்.

"ஆறு மணிக்குள்ள எனக்குச் சொல்லலேன்னா உனக்கு வேலை இல்ல, அவ்வளவுதான்."

போனை அண்ணாச்சி கையில் கொடுத்துவிட்டு ஓடிப் போய் மதுரை பஸ்ஸில் ஏறினான். ஜன்னலோரம் இடம் கிடைத்தது, காற்றும் நன்றாக வந்தது.

ஐந்தரைக்கு மண்டபத்துக்குள் நுழைந்தால், மேடையில் இரண்டு வீடியோ காமிரா, ஒரு மைக். மேடத்தைக் கையெடுத்துக் கும்பிட்டு, சாப்பாட்டுக் கூடத்தைத் தாண்டி, கை கழுவும் இடத்துக்கு அழைத்துப் போனான். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவர் காதருகே குனிந்தான். காதில் காது மெஷின் இருந்தது.

"மன்னிக்கணும், மேடம்" என்று அதைப் பதமாகக் கழற்றி, கைக்குட்டையில் நாலு சுற்றுச் சுற்றி, பத்தடி தள்ளி ஒரு நாற்காலியில் வைத்துவிட்டு வந்தான். பிறகு மெல்லிய குரலில், "ரெடியா, மேடம்?" என்றான்.

"என்னது?"

"ரெடியான்னு கேட்டேன்."

"ஒண்ணும் கேக்கலடா."

சத்தம் போட்டால் மைக்குக்கு எட்டிவிடும். பந்தி பரிமாறுபவரிடம் பேனா வாங்கி, ஒரு தாம்பூலப் பையின் மேல் எழுத உட்கார்ந்தான். முதல் நம்பரை யோசித்தான். வரவில்லை. இரண்டாவதை யோசித்தான். கடைசியில் இருந்து பார்த்தான், நடுவில் இருந்து பார்த்தான். பஸ்ஸில் ஒரு குட்டித் தூக்கம் போட்டிருந்தான், அதோடு இருநூற்று ஐம்பத்தாறும் போய்விட்டன. மேடம் கைக்கடிகாரத்தைக் காட்டினார். வைரவநாதனுக்கு அழுகையே வந்துவிட்டது. பிள்ளைகளின் முகம் கண்ணில் நின்றது.

அப்படியே யோசித்துக்கொண்டு இருந்தவனின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்தது. எழுந்து போய்க் கைக்குட்டையைப் பிரித்து, காது மெஷினை இரண்டு கையாலும் மேடத்திடம் நீட்டினான். அவர் மாட்டிக்கொண்டதும் சொன்னான்.

"இனிமே மாட்டிக்கிட்டே இருக்கலாம், மேடம். நீங்க எழுதிக் கொடுத்தபடியே முடிச்சாச்சு. எந்த அறைன்னு காமிராவுக்குத் தெரியாது, தராசுக்குத் தெரியாது, இப்ப எனக்கும் தெரியாது."

மேடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆறு மணிக்கு இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு" என்றான் வைரவநாதன். "அண்ணாச்சிக்குப் போனைப் போடுங்க, மேடம். இப்ப எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசலாம்."