பந்தா, பசப்பு, பகட்டு

பரஞ்சோதிக்கு ஆசாபாசமெல்லாம் ஏறக்குறைய அடங்கிவிட்டது. ஒன்றுதான் பாக்கி. யாராவது நடித்தால் அவருக்குப் பொறுக்காது.

மடத்துக்கு வருமுன் ஊர் ஊராகப் போய் நாடகப் போட்டிகளுக்கு நடுவராக இருந்தவர். மேடையில் ஒருவன் அழுதால், அந்த அழுகை தொண்டையிலிருந்து வருகிறதா அடிவயிற்றிலிருந்து வருகிறதா என்று கடைசி வரிசையில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவார். பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடித்துவிட்டு, அறுபது வயதுக்கு மேல் மடத்துத் தலைவி தில்லையம்மையிடம் சீடராகச் சேர்ந்தார். அம்மை அவரைவிட இளையவர். அதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. அம்மையிடம் நடிப்பு இல்லை, அது போதும் அவருக்கு.

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. வருகிறவருக்கு வாசலில் இருக்கும் சீடர் ஒரு தம்ளர் மோர் கொடுத்து, இரண்டு வார்த்தை பேசுவார். பிறகு உள்ளே போய், வந்தவரின் பாடு என்ன என்று ஒரே சொல்லில் அம்மையிடம் சொல்வார். நோய் என்பார், வழக்கு என்பார், சாவு என்பார். அதைக் கேட்டுத்தான் யாரை முதலில் கூப்பிடுவது என்று அம்மை முடிவு செய்வார்.

வாசல் பொறுப்பு பரஞ்சோதியிடம் வந்ததும் சொற்கள் மாறின. ஆள்படையோடு வந்த பிரமுகருக்கு 'பந்தா' என்றார். விழுந்து விழுந்து கும்பிட்டவருக்கு 'பசப்பு'. வெளிநாட்டிலிருந்து வந்து மூக்கால் தமிழ் பேசிய இளைஞனுக்கு 'அலட்டல்'. ஜம்பம், பம்மாத்து, மினுக்கு, பாசாங்கு என்று இதற்கெல்லாம் தமிழில் சொல்லுக்கா பஞ்சம்? மனிதர் வாரி வழங்கினார். அம்மை தடுக்கவில்லை. பெரும்பாலும் பரஞ்சோதியின் கணிப்பு சரியாகவே இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை சொர்ணவல்லி என்ற பெண் வந்தாள். மாம்பழ நிறப் பட்டுப்புடவை. முகம் நிறையப் பவுடர், கண்ணுக்கு மை, உதட்டுச் சாயம், கழுத்தில் பளபளவென்று கவரிங் மாலை. வாசலிலேயே கலகலவென்று சிரித்தாள்.

"என்ன சாமி, புத்தம் புது வேட்டிக்கு ஒட்டுப் போட்டுக் கட்டியிருக்கீங்க?"

பரஞ்சோதிக்குச் சுருக்கென்றது. அந்த ஒட்டை அவரேதான் தைத்திருந்தார். பார்க்க எளிமையாக இருக்கட்டுமே என்று.

மோரைக் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டு ஓயாமல் பேசினாள். மடத்துப் பூச்செடி அழகு என்றாள், வெயில் கொளுத்துகிறது என்றாள், எல்லாவற்றுக்கும் சிரித்தாள். அவர் உள்ளே போனார்.

"பகட்டு" என்றார்.

அம்மை தலையசைத்துவிட்டு மற்றவர்களைக் கூப்பிட ஆரம்பித்தார். கடைசி ஆளும் போன பிறகு கேட்டார்.

"அந்தப் பகட்டுக்காரங்க எங்க?"

"போயிட்டாங்கம்மா. பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சாம்."

"மோர் குடிச்சாங்களா?"

"எங்க குடிச்சாங்க? கையை ஆட்டி ஆட்டிப் பாதியைக் கீழ ஊத்திட்டாங்க. மீதி அப்படியே இருக்கு."

"பேசும்போது ஆட்டினாங்களா, சும்மா இருக்கும்போதும் ஆடுச்சா?"

பரஞ்சோதி யோசித்தார். சும்மா இருக்கும்போதும் ஆடியது. அவர் அதைப் பார்த்திருந்தார். பார்த்துவிட்டு, இது ஒரு அபிநயம் என்று ஒதுக்கியிருந்தார்.

அவர் பதில் சொல்வதற்குள் அம்மை எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். பரஞ்சோதி பின்னாலேயே ஓடினார்.

நல்லவேளை, பஸ் வரவில்லை. நிழற்குடையில் சொர்ணவல்லி தனியாக உட்கார்ந்திருந்தாள். அம்மையைக் கண்டதும் எழுந்து, பழையபடி வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள். அம்மை அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"எங்கம்மா போறே?"

"ஆஸ்பத்திரிக்கு. என் பொண்ணு அங்க கிடக்கா. நாளைக்கு ஆபரேஷன். பிழைப்பாளான்னு டாக்டருக்கே உறுதியில்ல." சொல்லும்போதும் உதட்டில் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது. "ஒருநாள் தலையைக்கூட வாராம போய் நின்னேன். 'அம்மா, டாக்டர் கைவிரிச்சிட்டாரா?'ன்னு கேட்டுட்டா. அன்னையிலேர்ந்து இப்படித்தான். கல்யாண வீட்டுக்குப் போற மாதிரி சிங்காரிச்சுக்கிட்டுப் போறேன். சிரிச்சுச் சிரிச்சுப் பேசறேன். வெளியில வந்தாலும் நிறுத்த முடியல. நிறுத்தினா அழுதுடுவேன், அழுதா மை கலைஞ்சிடும்."

பரஞ்சோதி நிழற்குடைக்கு வெளியிலேயே நின்றுவிட்டார்.

"எங்கிட்ட என்ன கேக்க வந்தே?" என்றார் அம்மை.

"ஒண்ணே ஒண்ணுதாம்மா. பெத்த பொண்ணுகிட்டப் போய் இப்படி நடிக்கிறேனே. இதுவே அவளோட கடைசி நாளாப் போயிட்டா, பொய்யாவே இருந்து அனுப்பின பாவம் எனக்கு வந்துடுமா?"

"உன் சிரிப்பை அவ நம்புறாளா?"

சொர்ணவல்லி கழுத்து மாலையைத் திருகினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"இல்லம்மா. நம்பற மாதிரி காட்டிக்கிறா. நான் வரப் போறேன்னு தெரிஞ்சா நர்ஸுகிட்டச் சொல்லிப் பொட்டு வச்சுக்கிறா. வலியே இல்லங்கிறா."

"அவ பண்றது பொய்யா?"

"ஐயோ, அது எப்படிம்மா பொய்யாகும்!"

"அப்ப உன்னோடதும் இல்ல. போ. போய் நல்லா சிரி."

சொர்ணவல்லிக்குக் கண் நிறைந்துவிட்டது. மை கலைந்தது. அம்மை தன் முந்தானையாலேயே அதைத் துடைத்துச் சரிசெய்தார். பஸ் வந்ததும் ஏற்றிவிட்டார். ஜன்னலோரம் உட்கார்ந்து, மாலையை நேராக்கிக்கொண்டு, அவள் கையசைத்துப் போனாள்.

திரும்பி நடக்கையில் பரஞ்சோதியால் சும்மா வர முடியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் ஆயுசு முழுக்கத் தீர்ப்புச் சொன்ன வாய்.

"அம்மா, நான் அவங்களை வாசல்ல காக்க வச்சது தப்புதான். ஆனா நான் பார்த்தது தப்பில்லையே? அது நடிப்புதானே?"

"நடிப்புதான். உங்க கண்ணு தப்பே பண்ணாது" என்றார் அம்மை. "புகையைச் சரியாத்தான் கண்டுபிடிச்சீங்க. கண்டுபிடிச்சுட்டு மூக்கைப் பொத்திக்கிட்டீங்க. உள்ள வீடு எரிஞ்சுக்கிட்டிருந்தது."