வெள்ளை வேட்டிப் பந்தயம்

எந்தக் காலம் என்று என்னைக் கேட்காதீர்கள். ரொம்ப முன்னால், கணவாய்க் காற்று ஓயாமல் வீசும் வெண்மாடபுரியை உதயசேகரன் என்ற ராஜா ஆண்டுவந்தார். அவருக்கு ஒரே பைத்தியம், வெள்ளை. அரண்மனைச் சுவரில் ஒரு கறை தெரிந்தாலும் அன்றைக்குச் சாப்பிட மாட்டார்.

வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு வேண்டுமே! கோட்டைக்குப் பக்கத்திலேயே காளவாய் வைத்து, விறகை அடுக்கிச் சுண்ணாம்புக் கல்லைச் சுட்டார்கள். அந்தப் புகை சுவரில் கரியாகப் படியும். ராஜா முகம் சுளிப்பார். விறகு அதிகாரி மாதேவராயர் இன்னும் நாலு காளவாய் மூட்டச் சொல்வார். இன்னும் புகை, இன்னும் கரி, இன்னும் சுண்ணாம்பு! பத்து வருஷம் இந்தக் கூத்து நடந்தும் சபையில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. மலையில் பாதிக் காடு போயிற்று. கோடை வரவரக் கொதித்தது.

மிச்சக் காட்டையும் வெட்ட உத்தரவு வந்ததும், மலையடிவாரத்து ஊரிலிருந்து பொன்னுருவி சபைக்கு வந்தாள். காற்றில் சுழலும் ராட்டினம் செய்து, மாடில்லாமலே கிணற்று நீர் இறைத்தவள் அவள். அதைப் பார்த்து ராஜா ஒருமுறை கைதட்டியதிலிருந்து மாதேவராயருக்கு வயிற்றெரிச்சல்.

காடு போனால் ஊர்ச் சுனை வற்றிவிடும், குடிக்கத் தண்ணீர் இருக்காது என்று அவள் முறையிட்டாள். காளவாய்ப் புகைதான் அரண்மனையைக் கறுப்பாக்குகிறது, நாட்டையும் வேகவைக்கிறது என்றாள்.

மாதேவராயர் சிரித்தார். “புகை மேலே போய் வானத்தில் கரைந்துவிடும் மகாராஜா. இவளுக்கு என்ன தெரியும்?”

“அப்போ ஐயா ஒரு பகல் வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு அரண்மனை மொட்டைமாடியில உக்காரட்டும்,” என்றாள் பொன்னுருவி. “ வெள்ளையாவே இறங்கினா காட்டை வெட்டிக்குங்க. நாங்க ஊரைக் காலி பண்ணிடறோம்.”

ராஜாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. எந்தக் காளவாயையும் அணைக்கக் கூடாது என்று கட்டளையிட்டார். ஊரே திரண்டு வந்து அண்ணாந்து பார்க்க, மாதேவராயர் மீசையை முறுக்கியபடி மாடியேறினார்.

வெயில் ஏறியது. வேர்வை வழிந்தது. வேர்வையில் கரி ஒட்டியது. சாயங்காலம் அவர் இறங்கியபோது வாயிற்காவலன் அடையாளம் தெரியாமல் ஈட்டியை நீட்டிவிட்டான்! ராஜா விழுந்து விழுந்து சிரித்தார்.

பொன்னுருவி சுண்ணாம்பு வாளியோடு வந்து நின்றாள். “இவர் மூஞ்சிக்குச் சுண்ணாம்பு அடிச்சிடலாமா, மகாராஜா?”

“உனக்கென்ன பைத்தியமா? கழுவினால் போகிறது!”

சொன்ன ராஜாவின் கண் தானாகவே அரண்மனைச் சுவர் பக்கம் போயிற்று. சிரிப்பு நின்றது. பத்து வருஷ மடத்தனம் அவருக்கு அந்த நொடியில் விளங்கிவிட்டது, வெட்கமாகவும் இருந்தது.

“முதல்ல அடுப்பை அணைக்கணும். அப்புறம் என் ராட்டினத்துல தண்ணி இறைச்சுச் சுவரைக் கழுவலாம்,” என்றாள் பொன்னுருவி.

காற்று நின்றால் ராட்டினம் எப்படி நீர் இறைக்கும் என்று மாதேவராயர் கரிமுகத்தோடு முணுமுணுத்தார். வீசும்போதே தொட்டியை நிரப்பி வைத்துக்கொள்வோம் என்றாள் அவள்.

அன்றே காளவாய்கள் அணைந்தன. ராட்டினம் இறைத்த நீரில், பூந்திக்கொட்டை நுரை போட்டுச் சுவரைத் தேய்த்தால், அடியில் பத்து வருஷ வெள்ளையும் பத்திரமாக இருந்தது! காடு பிழைத்தது. விறகு அதிகாரியின் ஆசனத்தில் பொன்னுருவி உட்கார்ந்தாள்.

மாதேவராயருக்கும் ராஜா ஒரு வேலை கொடுத்தார். வெட்டிய மலையில் மரம் நட வேண்டும், அதுவும் வெள்ளை வேட்டியோடு. தினமும் மத்தியானம் அவர் சபையில் வந்து நின்று, முன்னும் பின்னும் திரும்பிக் காட்டுவார். அந்த வேட்டியில் கரி இல்லை என்று பார்த்த பிறகுதான் ராஜா சாப்பிட உட்காருவார்.