ஏழு வீடு வாங்கியவருக்கு முதல் வீட்டுச் சலுகை

கொற்றையூர் பூபதி ராஜாவுக்கு நல்ல யோசனை வருவது அமாவாசையன்று நிலா வருவது மாதிரி. ஆனாலும் ஒரு தடவை வந்துவிட்டது. "முதல்முதலாக வீடு வாங்குகிறவருக்கு வீட்டுவரி கிடையாது. ஆனால் வாங்கியவர் அதில் குடியிருக்க வேண்டும்" என்று தண்டோரா போடச் சொன்னார்.

ஊரே சந்தோஷப்பட்டது. வரி அதிகாரி திருமேனி ஊரைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டார். மனைவி பெயரில் ஒன்று, மாமியார் பெயரில் ஒன்று, ஐந்து மச்சான்கள் பெயரில் ஐந்து என்று வாங்கித் தள்ளினார். எல்லாமே 'முதல் வீடு'. மனைவி பெயரில் இருந்த மாடிவீட்டில் தான் குடியிருந்தார். மற்றதையெல்லாம் விலை ஏறட்டும் என்று பூட்டிப் போட்டார். குடியிருக்கிறார்களா என்று போய்ப் பார்க்க வேண்டிய அதிகாரி யார்? அவரேதான்.

ஆப்பக்கடை சீரங்காயி, ஆயுசெல்லாம் சேர்த்து ஒரு ஓட்டுவீடு வாங்கினாள். அதன்மேலும் திருமேனிக்குக் கண்.

"உனக்குச் சலுகை இல்லை. முன்னே ஒரு வீட்டில் இருந்தாயே, அதுதான் உன் முதல் வீடு."

"அது வாடகை வீடு சாமி."

"குடியிருந்தாயா இல்லையா? வரியைக் கட்டு. இல்லாவிட்டால் வீடு ஏலத்துக்குப் போகும்."

சீரங்காயி அழுதுகொண்டே சபைக்கு வந்தாள். அங்கே அரண்மனை விகடகவி அம்பலவாணன் இருந்தான். அவள் கடை ஆப்பத்தில் வளர்ந்த தொப்பை அவனுடையது. எழுந்தான்.

"திருமேனி ஐயா, ஒரு சின்னச் சந்தேகம். வீடு யாருக்குச் சொந்தம்? குடியிருப்பவருக்கா, பத்திரத்தில் பெயர் உள்ளவருக்கா?"

திருமேனி மனசுக்குள் கணக்குப் போட்டார். குடியிருப்பவருக்கு என்றால், பூட்டிக் கிடக்கும் ஆறு வீட்டையும் அரண்மனை எடுத்துக்கொள்ளும்.

"பத்திரத்தில் பெயர் உள்ளவருக்குத்தான். இதிலென்ன சந்தேகம்?"

"அப்படியானால் சீரங்காயிக்கு இதுதான் முதல் வீடு."

ராஜா தலையாட்டினார். சீரங்காயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அம்பலவாணன் மட்டும் உட்காரவில்லை.

"ராஜா, வெள்ளிக்கிழமை நல்ல முகூர்த்தம். சலுகை வாங்கிய எல்லாரும் அவரவர் வீட்டில் பால் காய்ச்சிக் குடியேறட்டும். பூட்டிக் கிடக்கும் வீட்டுச் சாவிகளை வாங்கி, பத்திரத்தில் பெயர் உள்ளவர் கையில் தாங்களே கொடுங்கள். குடியேறாதவருக்கு வரி இரட்டிப்பு."

வெள்ளிக்கிழமை அப்படியே நடந்தது. அன்று சாயங்காலம் திருமேனி பெரிய மச்சான் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"சாவியைக் கொடுடா."

"எதற்கு அத்தான்? பத்திரத்தில் பெயர் உள்ளவருக்குத்தான் சொந்தம் என்று சபையில் சொன்னது நீங்கள்தானே? பால் மிச்சம் இருக்கிறது, குடித்துவிட்டுப் போங்கள்."

மற்ற மச்சான்களும் அதையே சொன்னார்கள். மாமியார் பால்கூடக் கொடுக்கவில்லை. மாடிவீட்டு வாசலில் மனைவி நின்றாள்.

"என் அம்மாவிடமே சாவி கேட்டீர்களாமே? இது என் வீடு. உங்களைச் சேர்ப்பதா வேண்டாமா என்று யோசித்துச் சொல்கிறேன்."

மறுநாள் துணி மூட்டையோடு சபைக்கு வந்தார் திருமேனி.

"ராஜா, எனக்குத் தலைசாய்க்க ஓர் இடமில்லை."

அம்பலவாணன் பரிவாகச் சொன்னான்: "கவலை எதற்கு ஐயா? உங்கள் பெயரில் ஒரு வீடுகூடக் கிடையாது. இந்த ஊரிலேயே சலுகைக்கு முழுத் தகுதி உள்ளவர் நீங்கள்தான்."

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று அம்பலவாணன் மடியில் விழுந்தது. அதைத் திருப்பி வாங்கிக்கொண்டு, ஒரு பொற்கிழியைப் போட்டார்.