வெள்ளைக் கல்லுக்குப் பக்கத்தில்

"அம்மா, சமையல் மேடைக்கு எந்தக் கல்லு போடறது?"

குழந்தைவேல் இப்படிக் கேட்டதும் அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் சிலர் சிரித்துவிட்டார்கள்.

அமராவதிக் கரையோரம் இருந்த அந்த வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறவர்கள் சாவைப் பற்றிக் கேட்பார்கள். மனசு அடங்க வழி கேட்பார்கள். தவமணியம்மா தெரிந்ததைச் சொல்வார், தெரியாததைத் தெரியாது என்பார். அவருக்கு நாற்பது வயதுதான். குழந்தைவேல் அவரைவிட ரொம்பவே மூத்தவர். கரூரில் பஸ்ஸுக்குக் கூண்டு கட்டும் பட்டறை வைத்திருந்தார். ஒரு தெருவுக்கே கேட்கிற குரல். முதல் மனைவி விசாலம் இறந்த வருஷம் யாரோ இங்கே கூட்டிவந்து விட்டார்கள். அன்றிலிருந்து இவர்தான் குரு என்று இருந்துவிட்டார்.

தவமணியம்மா சிரிக்கவில்லை. குழந்தைவேலின் கண் சிவந்திருந்தது. சட்டைப் பொத்தான் மாறிப் பூட்டியிருந்தது.

"இன்னிக்கே முடிவு பண்ணணுமா?"

"மத்தியானத்துக்குள்ள சொல்லணுமுங்க. மேஸ்திரி மெஷினோட வந்து நிக்கறான். வெட்டிட்டா அப்புறம் கல்லு திரும்பாது."

"கப்போர்டு என்ன நிறம்?"

"ஆஃப் ஒயிட்டுங்க. சுண்டக் காய்ச்சின பாலாட்டம்."

"யாரு எடுத்தது?"

"அவதான்."

"எவ?"

குழந்தைவேல் தலையைக் குனிந்துகொண்டார். "செண்பகமுங்க. இப்ப இருக்கறவ."

"இப்ப இருக்கறவ," என்று தவமணியம்மா மெதுவாகத் திருப்பிச் சொன்னார். "கல்லு?"

"வெள்ளை மார்பிள். நான் எடுத்தது. சுத்த வெள்ளை, ஒரு கோடு இருக்காது. அப்படி ஒரு மேடை வேணும்னு விசாலத்துக்கு ஆசை. பட்டறை கொஞ்சம் தலையெடுக்கட்டும்னு நான்தான் தள்ளிப் போட்டேன். அப்புறம் அவளே போயிட்டா." தோள் துண்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "நேத்து கல்லு வந்து இறங்குச்சு. கப்போர்டுக்குப் பக்கத்துல சாத்தி வெச்சுப் பார்த்தா, கப்போர்டு அழுக்கா தெரியுது. மஞ்சப் பூத்த மாதிரி. எல்லாத்தையும் கழட்டி எறியுன்னு சொன்னேன். அதுலேர்ந்து அவ ஒரு வார்த்தை பேசல."

"வேற என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லலைங்க."

வெளியே ஆற்றில் யாரோ துணி துவைக்கிற சத்தம் கேட்டது.

"விசாலமா இருந்தா இப்படி ஒண்ணை எடுத்திருப்பாளான்னு கேட்டேன்."

சிரித்தவர்கள் இப்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தவமணியம்மா எழுந்தார். "கார்லதானே வந்தீங்க? வாங்க, போய்ப் பார்க்கலாம்."

வழியெல்லாம் குழந்தைவேல் பேசிக்கொண்டே வந்தார். கறுப்புப் போட்டால் அடுப்படியே இருட்டாகிவிடும், பச்சை போட்டால் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும், சாம்பல் போட்டால் வெளுத்துப்போகும். எதைச் சொன்னாலும் கடைசியில் வெள்ளையில் வந்து நின்றார்.

"ரோட்டைப் பாருங்க," என்றார் தவமணியம்மா.

வீட்டு வாசலில் ஒரு பை இருந்தது. அவசரத்தில் ஜிப் முழுதாக மூடாமல் சேலை ஓரம் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. குழந்தைவேல் குனிந்து அதை உள்ளே தள்ளப் பார்த்தார். கேள்வியோ பட்டறைக் குரலில்தான் வந்தது.

"எங்க கிளம்பிட்ட?"

உள்ளேயிருந்து வந்த செண்பகம் தவமணியம்மாவைக் கண்டதும் கும்பிட்டாள். பிறகுதான் அவருக்குப் பதில் சொன்னாள்.

"தாராபுரம். அண்ணன் வந்துட்டிருக்குது."

"யாரைக் கேட்டு?"

அவள் தவமணியம்மா பக்கம் திரும்பினாள். "உள்ள வாங்கம்மா. தண்ணி கொண்டு வரட்டுங்களா?"

"அப்புறம் குடிக்கறேன். அடுப்படி எந்தப் பக்கம்?"

ஜன்னல் வெளிச்சம் நேராக விழும்படி அந்த வெள்ளைக் கல்லைச் சாத்தி வைத்திருந்தார்கள். கண் கூசியது. அதற்குப் பக்கத்தில் கப்போர்டுகள் உண்மையிலேயே பழைய பல் மாதிரிதான் இருந்தன. மேஸ்திரி மயில்சாமியும் கல் தூக்க வந்த இரண்டு பேரும் எப்படா முடியும் என்று நின்றிருந்தார்கள்.

"ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா வெட்டிர்றேனுங்க," என்றார் மயில்சாமி. "புளி பட்டா கறை விழுகும். அதை முன்னாடியே சொல்லிட்டேன்."

"இதைக் கொல்லைக்குக் கொண்டு போக முடியுமா?" என்று கேட்டார் தவமணியம்மா.

தூக்கிப் போனார்கள். கல் வாசற்படியைத் தாண்டியதும் அடுப்படி வேறு மாதிரி ஆனது. கப்போர்டுகள் புதுசாக, பளிச்சென்று இருந்தன. கதவு விளிம்பில் ஓடிய மெல்லிய வளைவுகூட இப்போதுதான் கண்ணில் பட்டது.

"மறுபடி உள்ள கொண்டு வாங்க."

கொண்டு வந்தார்கள். கப்போர்டுகள் மஞ்சளாயின.

"வெளிய."

போனார்கள்.

"உள்ள. குழந்தைவேல், நீங்களும் ஒரு பக்கம் பிடிங்க."

அவர் பிடித்தார். கல்லின் விளிம்பு விரலை அறுத்தது. உள்ளே வைத்துவிட்டு நிமிர்வதற்குள் அடுத்த வார்த்தை வந்தது.

"வெளிய."

சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மூச்சு இரைத்தது. வேலையாட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். செண்பகம் அடுப்படி வாசலில் சுவரோடு ஒட்டி நின்றாள்.

"உள்ள."

"என்னைக் கோமாளி ஆக்கறீங்களா?" என்று குழந்தைவேல் கத்தினார்.

யாரும் அசையவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் தவமணியம்மாவிடம் குரல் உயர்த்தியதில்லை.

தவமணியம்மா முகம் மாறவில்லை. "கப்போர்டுக்கு யாராச்சும் பெயிண்ட் அடிச்சாங்களா?"

"இல்ல."

"கல்லு அதைத் தொட்டுச்சா?"

"இல்ல."

"அப்ப ஏன் நிறம் மாறுது?"

வாசலில் நின்றிருந்த செண்பகம்தான் பேசினாள்.

"அம்மா, நான் கல்லுக்காகக் கிளம்பலைங்க."

எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"நான் ரசம் வெச்சா, அதுக்குப் பக்கத்துல இன்னொரு ரசம் இருக்குது. கோலம் போட்டா பக்கத்துல இன்னொரு கோலம் இருக்குது, அதுல ஒரு புள்ளி தப்பாது. அந்த ரசத்தை என்னால வாயில வெச்சுப் பார்க்க முடியாது. அந்தக் கோலத்தை என்னால கண்ணால பார்க்க முடியாது. அக்கா மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லைங்க. அவங்க படத்துக்கு நான்தான் பூ வெக்கறேன். ஆனா அவங்க பக்கத்துல நின்னு நின்னு எனக்குக் கால் கடுக்குது."

வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது. அண்ணன் சென்னியப்பன் வந்துவிட்டார்.

செண்பகம் போனாள். பையைத் தூக்குகிற சத்தம், கார் கதவு திறக்கிற சத்தம். குழந்தைவேல் வாசல் பக்கம் போகவில்லை. விறுவிறுவென்று கொல்லைக்குப் போனார். சுவரோரம் மேஸ்திரி வைத்திருந்த சம்மட்டியை எடுத்து, கல்லுக்கு நேராகத் தலைக்கு மேல் ஓங்கினார்.

"அந்தக் கல்லு என்ன பண்ணுச்சு?"

பின்னால் தவமணியம்மா நின்றிருந்தார்.

"இதாலதானே இத்தனையும்!"

"எதால?"

சம்மட்டி அந்தரத்தில் நின்றது. குழந்தைவேல் கல்லைப் பார்த்தார். ஒரு கோடு இல்லாத வெள்ளை. அதைப் பார்க்கப் பார்க்க, நினைத்தே பார்க்காத ஒன்று அவருக்கு ஞாபகம் வந்தது. விசாலத்தின் ரசத்தில் உப்பு ஒருநாள் கூடும், ஒருநாள் குறையும். அடுப்பில் பாலை வைத்துவிட்டு ரேடியோ கேட்டுக்கொண்டு நிற்பாள், பால் பொங்கி வழியும். அன்றைக்கெல்லாம் இதே குரலில் அவளைத் திட்டியிருக்கிறார். திட்டும்போது சொன்னதும் ஞாபகம் வந்தது. எங்கம்மாவா இருந்தா இப்படிப் பண்ணியிருப்பாளா?

அவர் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டுத் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டிருந்தார்.

காரைக் கிளப்பும் சத்தம் கேட்டதும் எழுந்து ஓடினார்.

"மச்சான், ஒரு நிமிஷம்!"

சென்னியப்பன் வண்டியை அணைக்கவில்லை. முகத்தைத் திருப்பவும் இல்லை. குழந்தைவேல் சுற்றிக்கொண்டு போய் செண்பகம் உட்கார்ந்திருந்த பக்கத்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டார்.

"செண்பகம்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டு அவளுக்குப் பழக்கமில்லை.

"உனக்கு எந்தக் கல்லு பிடிக்கும்?"



"எனக்கு எப்படீங்க தெரியும்? நான் இன்னும் ஒரு கல்லும் பார்க்கலையே. கடைக்கு என்னை யாரு கூட்டிட்டுப் போனா?"

அவர் கை ஜன்னலிலிருந்து இறங்கியது.

செண்பகம் கார் கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். வீட்டுக்குள் போய், மேஸ்திரியிடம் சொல்லி கப்போர்டின் சின்னக் கதவு ஒன்றைக் கழற்றி வாங்கிக்கொண்டு திரும்பி வந்தாள். அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அண்ணா, போற வழியில கல்லு யார்டு இருக்குது. அங்க கொஞ்சம் நிறுத்து."

குழந்தைவேல் தவமணியம்மாவை ஏற்றிக்கொண்டு பின்னால் போனார்.

யார்டில் வெயில் கொளுத்தியது. செண்பகம் வரிசை வரிசையாக நின்ற கற்களுக்கு நடுவே கதவைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். ஒவ்வொரு கல்லிலும் சாத்தி வைத்து, பின்னால் தள்ளி நின்று பார்த்தாள். நிழலில் பார்த்தாள், வெயிலில் பார்த்தாள். ஒரு கல்லில் கப்போர்டு பச்சையடித்தது. இன்னொன்றில் கல்தான் தெரிந்தது, கதவு காணாமல் போனது. கடைசியில் ஈர மணல் நிறத்தில், அங்கங்கே பால் தெளித்த மாதிரி புள்ளி விழுந்த ஒரு கிரானைட்டின் முன்னால் நின்றாள். அதில் சாத்தியதும் கதவு அமைதியாக, தன் நிறத்தில் இருந்தது.

"இதுல மஞ்சப்பொடி பட்டா போகுமா?" என்று கடைக்காரரிடம் கேட்டாள்.

"துடைச்சா போயிருமுங்க."

குழந்தைவேல் வாயைத் திறந்தார். பக்கத்தில் தவமணியம்மா நிற்பது தெரிந்தது. ஆனால் அவர் தன்னைப் பார்க்கவில்லை, கற்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தைவேல் வாயை மூடிக்கொண்டார்.

"சார், ஓகேங்களா?" என்று கடைக்காரர் இவர் பக்கம் திரும்பினார்.

"அவங்களைக் கேளுங்க."

இவ்வளவு ஆன பிறகும் செண்பகம் வீட்டுக்குத் திரும்பவில்லை. கதவை அவர் கையில் கொடுத்தாள்.

"கல்லைப் போட்டு முடிங்க. வந்து பார்க்கறேன்."

எப்போது வருவாள் என்று கேட்க அவருக்கு நா எழவில்லை. சென்னியப்பனின் கார் தாராபுரம் ரோட்டில் திரும்பி மறைகிற வரைக்கும் வெயிலில் நின்றார்.

மேடை முடிந்தது. அன்றைக்கு அவள் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. குழந்தைவேல் போனை எடுப்பார், வைப்பார். பட்டறையில் யாரையும் திட்டவில்லை. அதிலேயே ஆட்கள் பயந்துபோனார்கள். சாயங்காலம் வந்து புது மேடைக்கு முன்னால் நிற்பார். ஒரு டம்ளர்கூட அதன்மேல் வைக்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

பிறகு ஒரு வியாழக்கிழமை அவர் பட்டறையிலிருந்து வரும்போது வீடு திறந்திருந்தது. செண்பகம் அடுப்படியில் நின்று மேடையை உள்ளங்கையால் தடவிக்கொண்டிருந்தாள். அவள் அடுப்பைப் பற்றவைத்தாள்.

தட்டைப்பயிற்றுக் குழம்பு. அவர் பிசைந்து ஒரு வாய் போட்டார்.

"காரம் கொஞ்சம் தூக்கலா இருக்குது."

செண்பகம் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தாள்.

அது வரவில்லை.

"இன்னும் கொஞ்சம் ஊத்து," என்றார் அவர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை குழந்தைவேல் அமராவதிக் கரைக்குப் போனார். எல்லாரும் போகிற வரைக்கும் உட்கார்ந்திருந்துவிட்டுக் கேட்டார்.

"அம்மா, அந்த வெள்ளைக் கல்லு இன்னும் கொல்லையிலதான் கிடக்குது. விக்க மனசு வரல. உடைக்கவும் கூடாது. வீட்டுக்குள்ள எங்கதான் வெக்கறது?"

தவமணியம்மா பாயைச் சுருட்டி வைத்தார்.

"அதுக்குப் பக்கத்துல வேற எதையும் நீங்க கொண்டு வந்து வெக்காத இடமாப் பார்த்து வெச்சுக்குங்க."