பேப்பர் வாசிக்காத குழாய்

எங்கள் கம்மாய்க்கரைத் தெரு சலூனுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் போகிறவர்கள் காதில் பூ சுற்றிக்கொள்ளத் தயாராகத்தான் போக வேண்டும். காரணம் வெள்ளைத்துரை. 'வைகறைச் சங்கு' நாளிதழின் எங்கள் ஊர் நிருபர். மூன்று வரிச் செய்தி அனுப்பிவிட்டு, அதைப் பற்றி ஒரு மாதம் பேசுவார். எனக்கு அந்த ஆளைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் போவேன். அப்படியொரு புளுகு வேறெங்கும் கிடைக்காது.

அன்றைக்கு சலூன்காரர் காளிராஜ் வெள்ளைத்துரையின் முகம் முழுக்க நுரையைத் தடவியிருந்தார். நடுவே வாய் மட்டும் வேலை செய்தது.

"பேப்பர்னா லேசுன்னு நெனச்சியா காளி? சீமையிலேர்ந்து மொத அச்சு மெஷின் கப்பல்ல வந்து எறங்கினப்ப, அதுக்கு ஒரு எழுத்து தமிழ் தெரியாது. எங்க பாட்டனுக்குப் பாட்டன்தான் அதைத் தொழுவத்துல கட்டிப்போட்டு, கம்பங்கூழ் ஊத்தி, ஆனா ஆவன்னா சொல்லிக் குடுத்தாரு. 'ழ' மட்டும் வரல. நாக்குல வசம்பு தேய்ச்சாரு பாரு, மடமடன்னு அடிச்சுத் தள்ளிருச்சு!"

"மெஷினுக்கு ஏதுய்யா நாக்கு?" என்றார் பெஞ்சில் இருந்த தவசி. தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"அந்தக் காலத்து மெஷின் அண்ணாச்சி. இருந்துச்சு."

கேக்கிறவன் கேனையனா இருந்தா கேப்பையில நெய் வடியுதுன்னு சொல்வானாம். நாங்களும் வடிய விட்டோம்.

"செய்திக்கு ஆறு கேள்வி. யாரு, என்ன, எங்க, எப்போ, ஏன், எப்படி. மத்தவன் சம்பவம் நடந்தப்புறம் கேப்பான். நான் முன்னாடியே கேட்டு வச்சிருவேன். பஞ்சு மில்லு தீப்பிடிச்சதை முந்தின நாளே எழுதிட்டேன். பேப்பரைப் பாத்துட்டுத் தீயணைப்பு வண்டி வந்து நிக்குது, தீயைக் காணோம். 'பொறுங்க சார், அச்சுல வந்தா வராமப் போகாது'ன்னேன். ஆபீசர் டீ குடிச்சு முடிக்கல, குபீர்னு பிடிச்சுது!"

"பிடிக்க வச்சது யாருண்ணே?" காளிராஜ் கத்தியைத் தீட்டினார்.

"அச்செழுத்து தம்பி, அச்செழுத்து! போன வருசம் தேரு சேத்துல எறங்கிருச்சு. நான் அதுக்குள்ள 'தேர் நிலைக்கு வந்தது, பக்தர்கள் பரவசம்'னு எழுதி அனுப்பியாச்சு. பேப்பரை அம்மன்கிட்டயே காட்டினேன். ஆத்தா வாசிச்சா. தானே எறங்கித் தோள் குடுத்துத் தள்ளிட்டா."

"அம்மன் பேப்பர் படிக்குமா?" என்றார் தவசி.

"தெனம் படிப்பா. ராசிபலனை மட்டும் நம்ப மாட்டா. அம்மனை விடுங்க, சூரியனே எங்க பேப்பர் கட்டு வந்திருச்சான்னு எட்டிப் பாத்துட்டுத்தான் உதிக்குது. வேன் பஞ்சரான அன்னிக்கு ஒம்பது மணி வரைக்கும் ஊர்ல ஒரு கோழி கூவல!"

ஒரு கன்னத்தை மழித்து முடித்த காளிராஜ் கையை நிறுத்தினார். "அப்ப எங்க தெருக் குழாய் என்னண்ணே ஆச்சு?"

எங்கள் தெருக் குழாயைத் திறந்துவைக்க சேர்மன் வருவதாக இருந்தது. ஊர்ச் செய்திப் பக்கம் சாயந்திரமே முடிந்துவிடும் என்று, வெள்ளைத்துரை முந்தின நாளே அழைப்பிதழைப் பார்த்து எழுதி அனுப்பிவிட்டார்: 'கம்மாய்க்கரைத் தெருவுக்குக் குடிநீர் வந்தது, பெண்கள் குலவையிட்டு மகிழ்ச்சி.' சேர்மன் வரவில்லை. தண்ணீரும் வரவில்லை. செய்தி மட்டும் வந்தது. இப்போது நகராட்சிக்குப் போய்க் கேட்டால், "அதான் பேப்பர்லயே போட்டாச்சே" என்று விரட்டுகிறார்கள். காளிராஜின் மனைவி இன்னும் ரயில் பாதையைத் தாண்டிப் போய்க் குடம் சுமக்கிறார். என் வீட்டிலும் அதே கதைதான்.

"தண்ணி வரலைன்னு மறுப்பு ஒண்ணு போடுங்கண்ணே. ஒத்த வரி போதும். புண்ணியமாப் போகும்."

வெள்ளைத்துரை கண்ணாடியில் தன் பாதி முகத்தைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டார்.

"என் பேனா எழுதினது பொய்யாகாது காளி. தண்ணி வந்திருச்சு. உங்க குழாய்க்குத்தான் இன்னும் தெரியல. பேப்பர் வாசிக்கிற பழக்கமில்லாத குழாய்!"

காளிராஜ் கத்தியை மடக்கி வைத்தார். தண்ணீர்க் கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு சொட்டு விழவில்லை. பெஞ்சில் கிடந்த 'வைகறைச் சங்கை' எடுத்து நிருபரின் மடியில் வைத்தார்.

"சம்சாரம் கொண்டாந்த தண்ணி இவ்வளவுதாண்ணே. நுரையை இதுல தொடைச்சுக்கங்க. மறு கன்னம் மழிச்சாச்சுன்னு நீங்களே எழுதிருங்க. அச்சுல வந்தா வராமப் போகாது."