சிங்காரியின் கண்ணாடியும் தெள்ளியின் காதும்

அல்லிக்குளத்தின் கரையில் வாரத்துக்கு ஒருநாள் விலங்குகளின் சந்தை கூடும். தூரத்திலிருந்து வருபவர்கள் ஆமையின் முதுகில் சுமையேற்றி வருவார்கள். ஆமைகள் சந்தைக்குள் புகுந்தால் வழி அடைத்துக்கொள்ளும் அல்லவா? அதனால் குளத்துக்கு அப்பால், கோரைப்புல் மேட்டில் அவற்றை நிறுத்திவிட்டு வரவேண்டும். அந்த இடத்துக்கு ஆமைப்பேட்டை என்று பெயர். யானைக்கன்று நின்றாலும் மறைந்துவிடும் அளவுக்குப் புல். ஓடிப்போய் ஏற ஒரு மரம் கிடையாது. ஆகவே ஆமையை எடுக்கப் போகிறவர்கள் துணை சேர்த்துக்கொண்டுதான் போவார்கள்.

சிங்காரி என்ற மந்திக்கு மட்டும் துணை தேவைப்படவில்லை. அவளிடம்தான் கண்ணாடி இருந்ததே! மலைப்பாதையில் யாரோ தவறவிட்ட சிறு துண்டு. அது கிடைத்த நாளிலிருந்து நடந்தாலும் அதைப் பார்த்துக்கொண்டுதான் நடந்தாள். தின்றாலும் அதைப் பார்த்துக்கொண்டுதான் தின்றாள். வயிற்றைக் கட்டிக்கொண்டு தொங்கும் தன் குட்டி மொட்டுவின் முகத்தைவிட, தன் முகத்தையே அதிகம் பார்த்தாள்.

அன்று உச்சிவெயிலில் சந்தை கலையத் தொடங்கியது. சிங்காரி கிளம்புவதைப் பார்த்துத் தெள்ளி ஓடிவந்தாள். தெள்ளி ஒரு சருகுமான். முயல் உயரம்தான் இருப்பாள். எங்கே போனாலும் புதரைக் குனிந்து பார்ப்பாள், காற்றை முகர்வாள், பின்னால் திரும்பிப் பார்ப்பாள். அப்புறம்தான் அடுத்த அடி.

"அக்கா, தனியாப் போகாதீங்க! புல்லு ரொம்ப வளர்ந்து கெடக்கு. நானும் வரேன்!"

"நீயா எனக்குத் துணை? சருகு அசைஞ்சாலே நாலு முழம் துள்ளுறவ! உனக்குத் துணையா நான் இன்னும் நாலு பேரைத் தேடணும் போலிருக்கே, பயந்தாங்கொள்ளி!"

சந்தையே சிரித்தது. கிழக் காட்டுப்பன்றி ஒன்று சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த கிழங்கைக் கீழே போட்டது. தெள்ளி இரண்டு காதையும் தொங்கப்போட்டுக்கொண்டு ஒதுங்கினாள். அந்தச் சிரிப்பு சிங்காரிக்குக் கரும்பாக இனித்தது.

பேட்டைக்கு வந்தவளுக்கு ஆமையை எங்கே நிறுத்தினோம் என்றே தெரியவில்லை. காலையில் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே வந்து நிறுத்தினால் எப்படித் தெரியும்?

"ஏ கல்லப்பா! எங்கேய்யா இருக்கே? நான் ஒத்தையில எவ்வளவு நேரம் தேடுறது?" என்று காடே கேட்கும்படி கத்தினாள்.

ஒருவழியாகக் கல்லப்பன் கிடைத்தான். மூட்டையை அவன் முதுகில் ஏற்றினாள். ஏற்றியதும் கிளம்ப வேண்டியதுதானே? அதுதான் இல்லை. மூட்டைமேல் சாய்ந்துகொண்டு மறுபடியும் கண்ணாடியை எடுத்தாள்.

"போயிடலாம் தாயி," என்றான் கல்லப்பன்.

"இருய்யா, தலைமுடி கலைஞ்சிருக்கு!"

அப்போது புல்லை விலக்கிக்கொண்டு ஒரு நரி வந்தது. என்ன பணிவு, என்ன பணிவு!

"அம்மணி, யானைத்துறைக்கு எந்தப் பாதைங்க? அடடா, இது என்ன, கையில நிலாவையே வெச்சிருக்கீங்க! கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பிக் காட்டுங்களேன். இன்னும் கொஞ்சம்... ஆங், அப்படித்தான்!"

சிங்காரி மனம் குளிர்ந்து திரும்பி நின்றாள். இப்போது அவள் முதுகு புல்லைப் பார்த்திருந்தது.

"அம்மா, கண்ணாடியில மஞ்சளா ஒண்ணு தெரியுது," என்றான் மொட்டு. "புள்ளி புள்ளியா இருக்கு."

"சும்மா இரு! பெரியவங்க பேசும்போது குறுக்கே பேசாதே!"

மொட்டு அவள் ரோமத்தைப் பிடித்து இழுத்தான். அவள் அவன் கையைத் தட்டிவிட்டாள்.

டப்! டப்! டப்! தரையில் குளம்பால் உதைக்கும் சத்தம் கேட்டது.

"அக்கா, பின்னாடி! ஓடுங்க!"

தெள்ளிதான். அத்தனை பேர் முன்னால் அவமானப்பட்டும், மனம் கேட்காமல் பின்னாலேயே வந்திருக்கிறாள்.

சிங்காரி திரும்பினாள். சிறுத்தை பாய்ந்துகொண்டிருந்தது! அதன் கால்களுக்குக் குறுக்கே தெள்ளி புகுந்து ஓடினாள். சிறுத்தை தடுமாறிக் கீழே விழுந்தது. விழுந்த வேகத்தில் அதன் நகம் தெள்ளியின் இடது காதைக் கிழித்தது.

சிங்காரி ஓடினாள். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல் ஓடிக் குளக்கரை மருதமரத்தின் உச்சிக்குப் போய்விட்டாள். அங்கே போய் உட்கார்ந்த பிறகுதான், தெள்ளியை விட்டுவிட்டு வந்தது உறைத்தது. கண்ணாடி மட்டும் பத்திரமாகக் கையில் இருந்தது.

தெள்ளியின் அலறல் கேட்டுக் காட்டுப்பன்றிகள் கூட்டமாக ஓடிச் சிறுத்தையையும் நரியையும் விரட்டின. கல்லப்பன் ஓட்டுக்குள்ளிருந்து தலையை நீட்டினான். தெள்ளி நொண்டிக்கொண்டு வந்தாள். இடது காதில் பாதியைக் காணோம்.

மரத்தடியில் யாரும் சிங்காரியை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

"அம்மா, நான் பார்த்தேன்ல?" என்றான் மொட்டு. "அது கண்ணாடியிலேயே வந்துச்சு. நான் சொன்னேன்ல?"

சிறுத்தை அவள் கன்னத்துக்குப் பக்கத்திலேயே அந்தக் கண்ணாடிக்குள் நின்றிருக்கிறது. பால் மறக்காத குட்டிக்கு அது தெரிந்தது. அவள் பார்வையோ தன் மூக்கைத் தாண்டிப் போகவே இல்லை. வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. அன்றே கண்ணாடியைக் குளத்தில் எறிந்தாள். வெட்கம் மட்டும் அதோடு போகவில்லை.

அடுத்த வாரம் சந்தை நிறைந்திருக்கும் நேரம் பார்த்து அவள் அதன் நடுவே வந்து நின்றாள்.

"தெள்ளி, இத்தனை பேர் முன்னாடி உன்னைப் பயந்தாங்கொள்ளின்னு சொன்னேன். இத்தனை பேர் முன்னாடியே சொல்றேன், உன்னைச் சாகவிட்டு ஓடினவ நான்தான். உன் மூஞ்சியில முழிக்கவே எனக்கு யோக்கியதை இல்லை!"

போன வாரம் சிரித்தவர்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"வலி போயிடுச்சு அக்கா," என்றாள் தெள்ளி. "இடது பக்கம் சத்தம்தான் சரியாக் கேக்க மாட்டேங்குது. பேட்டைக்குப் போகும்போது அந்தப் பக்கம் மட்டும் நீங்க பார்த்துக்கிறீங்களா?"

அன்றிலிருந்து சந்தை கலையும்போதெல்லாம் சிங்காரி தெள்ளியின் இடது பக்கமாகவே நடக்கிறாள். புதரைக் குனிந்து பார்க்கிறாள், பின்னால் திரும்பிப் பார்க்கிறாள், மொட்டு எதைக் காட்டினாலும் நின்று பார்க்கிறாள். அந்தப் பாதிக் காது அசையும்போது மட்டும் அவள் தலை தானாகக் கவிழ்ந்துவிடுகிறது.

பலரும் வந்துபோகும் இடத்தில் சுற்றுமுற்றும் பார்த்து நடப்பது கோழைத்தனம் அல்ல; தன்னை மறந்து நிற்பவரின் அலட்சியத்துக்குப் பக்கத்தில் இருப்பவரே பலியாக நேரும்.